தடுப்புக்கு மேலே ஒரு முழம்

பெரியவளுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் ஆகவே ஆகாது. காலையில் முதல் மணி அடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். நீளமான ஒரு கூடத்தை நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். பலகை கூரை வரைக்கும் எட்டவில்லை. மேலே ஒரு முழம் காலியாக விட்டுவிட்டார்கள். சிரிப்பு அந்த ஒரு முழத்தில் ஏறிக் குதித்து இந்தப் பக்கம் வந்து, நேராக அவள் வயிற்றில் பற்றிக்கொள்ளும்.

ஒன்பது வருடமாக மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் மொழியில் கேட்டல் பாடம் எடுப்பவள் அவள். பிள்ளைகள் வீட்டில் ஒருவரும் பேசாத மொழி. அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழக்க வேண்டும். அவள் கதைப் புத்தகத்தை விரித்து, கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றி, நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். பிள்ளைகள் கேட்டு விடை எழுதுவார்கள். பெரிதாக மதிப்பெண் வந்ததில்லை. ஆனாலும் பள்ளியில் கேட்டல் டீச்சர் என்றால் அவள்தான், வேறு யாரையும் நினைக்கத் தோன்றாது.

இந்த வருடம் அதில் மண் விழுந்தது. மூன்றாம் வகுப்பு இரண்டு பிரிவானது. இரண்டாவது பிரிவுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். அவள் வேறு யாராவதாக இருந்திருந்தால் சாயங்காலம் பை தூக்கியதும் பெரியவள் மறந்திருப்பாள். வந்தவள் கொழுந்தன் பெண்டாட்டி. சொந்த ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே பஸ். பள்ளியில் பட்ட எரிச்சலை வீட்டில் போய்க் கொட்டலாம் என்றால், எரிச்சலே அவளுக்கு முன்னால் போய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், சின்னவளுக்கு இந்த வேலையைச் சிபாரிசு செய்ததும் பெரியவள்தான். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ஒரு நல்ல மனசு வந்துவிட்டது. நல்ல மனசு வந்த நாளை அவள் பிறகு பல தடவை சபித்தாள்.

சின்னவள் வந்த இரண்டாவது வாரமே தன் மடிக்கணினியையும் எங்கிருந்தோ இரவல் வாங்கிய ப்ரொஜெக்டரையும் கொண்டுவந்து, வெள்ளைச் சுவரில் வீடியோ காட்ட ஆரம்பித்தாள். அதே இரண்டாம் மொழியில் நாலு நாலு நிமிடக் கார்ட்டூன் கதைகள். ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் பேருந்தில் தினமும் ஏறி எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் ஒரு பயணி. ஒவ்வொரு கதையையும் மூன்று தடவை ஓட்டுவாள், நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள், பிள்ளைகள் கத்துவார்கள். இதெல்லாம் ஆசிரியர் அறையில் பிறர் சொல்லிப் பெரியவள் கேட்டது. அவளாக ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நன்றாக இருந்து தொலைக்குமோ என்ற பயம்.

பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒழுங்கு, கட்டுப்பாடு, பாடம் நடத்தும் முறை என்று ஏதாவது சொல்வாள். நாம் பொறாமை என்றே சொல்வோம், நமக்கென்ன பயம்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே மாமியார் ஆரம்பித்தார்.

"சின்னவ ஏதோ படம் காட்டிப் பாடம் நடத்துறாளாமே. பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுது, பிள்ளைங்க மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குதாம்."

"படம் காட்டினா மாடுகூட உக்காந்து பாக்கும் அத்தை," என்றாள் பெரியவள்.

"நீ நடத்துனா?"

மாமியார் கேலியாகத்தான் கேட்டார். பெரியவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அறைக்குள் போய்க் கணவரிடம் குமுறினாள். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அவ்வளவுதானே, நீயும் ரெண்டு வீடியோ காட்டேன்," என்றார். அவரோடும் பேச்சு நின்றது.

பள்ளியில் அவளுக்கு நிஜமாகவே ஒரு தொல்லை இருந்தது. அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பேசும்போது இந்தப் பக்கம் அவள் வாசிப்பது எடுபடவில்லை. ஸ்பீக்கரோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். தலைமை ஆசிரியையிடம் போனாள்.

"மேடம், அந்த இடைவெளிய அடைச்சுக் குடுங்க. என் பிள்ளைங்க காதுல நான் சொல்றது விழவே மாட்டேங்குது."

"அடைச்சிடலாம் டீச்சர்," என்று மேடம் பழுதுபார்ப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் ஏறிய விஷயம் கரையேறியதாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே பெரியவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் பாடவேளையில் அந்தப் பக்கம் வீடியோ ஓடும் இருபது நிமிடமும் இந்தப் பக்கம் எழுத்து வேலை. "புத்தகத்தைப் பாத்து எழுதுங்க. ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது," என்பாள். சொல்லிவிட்டு முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, நோட்டு திருத்த உட்கார்ந்துவிடுவாள். அந்தச் சிரிப்பும் வேண்டாம், அந்தப் பேருந்தும் வேண்டாம். கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆனதும் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கதைப் புத்தகத்தைத் திறப்பாள். இப்படியே மாதங்கள் ஓடின. அந்த இருபது நிமிடம் அவள் பிள்ளைகள் இருந்த அமைதியை அவள் ஒன்பது வருடத்தில் கண்டதில்லை. பென்சில் பிடித்த கைகள், குனிந்த தலைகள். என் வகுப்பு ஒழுங்கு யாருக்கு வரும் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அரையாண்டு முடிந்ததும் மேடம் இருவரையும் கூப்பிட்டு ஒரு குண்டைப் போட்டார்.

"அடுத்த வருஷம் கேட்டலுக்கு ஒரு டீச்சர்தான். ரெண்டு பிரிவுக்கும் அவங்களே மாறி மாறி எடுப்பாங்க. இன்னொருத்தர் கையெழுத்துப் பாடம். ஆண்டுத் தேர்வுல எந்தப் பிரிவு நல்லாப் பண்ணுதோ அந்த டீச்சருக்குக் கேட்டல். ரெண்டு பேரும் ஒரே வீடு, உங்களுக்குள்ள சங்கடம் வேண்டாம், அதான் மார்க்கே சொல்லட்டும்னு வச்சேன்."

சின்னவள் தலையாட்டினாள். பெரியவள் ஆட்டவில்லை. கையெழுத்துப் பாடம் என்றால் கோடு போட்ட நோட்டில் ஒரே வரியை முப்பது தடவை எழுத வைப்பது. ஒன்பது வருடம் கேட்டல் டீச்சராக இருந்துவிட்டு, தான் கூட்டிக்கொண்டு வந்தவள் அந்த நாற்காலியில் உட்கார, தான் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்று பஸ்ஸில் சின்னவள் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

தேர்வு வெளியிலிருந்து ஒலிப்பதிவாக வந்தது. ஸ்பீக்கரில் இரண்டு தடவை ஓடும், இருபது கேள்வி. சுவரில் படமும் கிடையாது, முன்னால் டீச்சர் முகமும் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் மதிப்பெண் பலகையில் ஏறியது. சின்னவள் பிரிவு சராசரி பதினொன்று. பெரியவள் பிரிவு சராசரி பதினாறு.

ஒன்பது வருடத்தில் அவள் வகுப்பு பன்னிரண்டைத் தாண்டியதில்லை. ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஆசிரியர் அறையில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். மேடம், "அனுபவம்னா அனுபவம்தான் டீச்சர்," என்றார். வீட்டில் மாமியார், "படம் காட்டி என்ன, எங்க மூத்தவ வாயாலேயே சாதிச்சுட்டா," என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். பெரியவளுக்கு வாயெல்லாம் பல். சின்னவள் சமையலறையில் சத்தமில்லாமல் பாத்திரம் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. இப்படி இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை ஆண்டு முடிவுக்காக எழுத்து நோட்டுகளை வாங்கி அடுக்கினாள். ஒரு நோட்டு நழுவிக் கீழே விழுந்து கடைசிப் பக்கத்தில் திறந்துகொண்டது. அங்கே ஒரு படம். ஒரு பேருந்து, அதன் படியில் ஒரு அம்மாள். மூக்கில் பெரிய கண்ணாடி, தலையில் உருண்டைக் கொண்டை, கையில் குடை, சுளித்த முகம். அடுத்த நோட்டை எடுத்துத் திருப்பினாள். அங்கேயும் பேருந்து. இந்த அம்மாள் கொஞ்சம் குண்டு. ஆனால் அதே கண்ணாடி, அதே கொண்டை. மூன்றாவது, நான்காவது. முப்பது நோட்டிலும் கடைசிப் பக்கங்களில் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒவ்வொரு நோட்டிலும் வேறு ஆள்: மீசையோடு, மீசை இல்லாமல், மொட்டையாக. குறை சொல்லும் அம்மாள் மட்டும் எல்லா நோட்டிலும் ஒரே சாயலில் இருந்தாள்.

முன் பெஞ்சில் இரண்டு பெரிய முன்பற்களோடு ஒரு சிறுமி இருந்தாள். முயல்குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெரியவள் அவளை அழைத்தாள்.

"இது யாரு?"

"பஸ்ல வர்றவங்க டீச்சர். அந்தப் பக்கம் கதையில வருவாங்களே."

"நீ எப்போ அந்தப் பக்கம் போய்ப் பாத்த?"

"பாக்கல டீச்சர். கேப்போம். நீங்க பஞ்சு வச்சதும் எல்லாரும் கேப்போம்."

பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"மொத்தக் கதையும் புரிஞ்சுதா?"

"முதல்ல புரியல. மூணு தடவ போடுவாங்கல்ல, அதுல கொஞ்சம் கொஞ்சமாப் புரியும். படம் தெரியாதுல்ல, அதனால நாங்க நல்லாக் காது குடுத்துக் கேப்போம். அவங்க எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு வரைவோம்."

"சரி. இவங்களுக்கு ஏன் கண்ணாடியும் கொண்டையும்?"

முயல்குட்டி கொஞ்சம் யோசித்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"உங்கள மாதிரியேதான் பேசுவாங்க டீச்சர். அவளுக்கு மட்டும் எதுக்கு ஜன்னல் சீட்டு, அங்க எதுக்குச் சிரிப்புன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

அன்று பெரியவள் நோட்டுகளைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அலமாரியில் புடவைகளுக்கு அடியில் மறைத்தாள். ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி. அவளுடைய ஒன்பது வருட வாசிப்பு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாங்கித் தந்தது. மீதி அந்தத் தடுப்புக்கு மேலே ஏறி வந்தது. சின்னவளின் பிள்ளைகள் சுவரில் படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டார்கள். காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெரியவளின் பிள்ளைகளுக்கோ காது ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவள் பஞ்சு வைத்துக்கொண்ட புண்ணியத்தில்.

யாருக்கும் தெரியாது. முயல்குட்டியும் மற்றவர்களும் அடுத்த மாதம் நாலாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி அவளுடையது. இரண்டு நாள் அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

புதன்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது தச்சர் ஏணி மேல் நின்று கூரைக்கும் பலகைக்கும் நடுவே அளவு எடுத்துக்கொண்டிருந்தார். கீழே புதுப் பலகைகள். மேடம் வாசலில் நின்று, "பாத்தீங்களா டீச்சர், உங்க கோரிக்கைய நிறைவேத்திட்டேன். வர்ற வருஷம் நிம்மதியா நடத்துங்க," என்றார். ஒரு வருடமாக நகராத நோட்டு அன்றைக்குப் பார்த்து நகர்ந்துவிட்டது.

தச்சர் முதல் ஆணியை அடித்தார். அந்தச் சமயம் சின்னவள் உள்ளே வந்தாள். முகம் வாடியிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பெரியவளோடு நேராகப் பேசியிருக்கவில்லை.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். எப்படி நடத்தினீங்கன்னு எனக்கும் சொல்லிக் குடுங்களேன். நான் என்னமோ வீடியோ வீடியோன்னு ஆடிட்டேன். பிள்ளைங்க சிரிச்சா புரியுதுன்னு நினைச்சுட்டேன். எல்லாம் வேஸ்ட். இன்னிக்கு சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் பெரியவள் ஒரு வருடமாகத் தவம் கிடந்தாள். அது வந்துவிட்டது, அதுவும் மேடம் முன்னாலேயே. குளுகுளுவென்று இருக்க வேண்டியது; இருக்கவில்லை. மேலே தச்சர் இரண்டாவது ஆணியை எடுத்தார். இடைவெளியில் ஒரு மூலை மூடியிருந்தது.

"ஐயா, போதும், எறங்குங்க," என்றாள் பெரியவள்.

"என்ன டீச்சர்?" என்றார் மேடம்.

"அடைக்க வேண்டாம் மேடம். அடைச்சதையும் பிரிச்சிடச் சொல்லுங்க."

பிறகு அவள் சொன்னாள். பஞ்சைச் சொன்னாள், நோட்டுகளைச் சொன்னாள், பதினாறு எப்படி வந்தது என்று சொன்னாள். எல்லாவற்றையும் கோபமாகவே சொன்னாள், ஏதோ சின்னவள்தான் குற்றம் செய்த மாதிரி. "உன் வீடியோதான்டி என் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துச்சு. எனக்கு ஒரு வருஷமா வயிறு எரிஞ்சுது, அது தெரியுமா உனக்கு? அந்தச் சிரிப்பு கேக்கக் கூடாதுன்னு பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் ஒண்ணும் நடத்தல."

தச்சர் ஏணியிலேயே நின்று, சுத்தியலைப் பிடித்தபடி, முழுவதையும் கேட்டார். இறங்குவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

சின்னவள் கையை நீட்டினாள். "அந்த நோட்டுங்க எங்க?" என்றாள்.

பெரியவள் அன்று காலை என்னமோ தோன்றி நாலைந்து நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அக்கா, அது வாத்து."

"எது?"

"பஸ்ல குறை சொல்றது. மஞ்சள் வாத்து. நீங்க ஒரு தடவகூடப் பாத்ததில்லையா?"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னவள் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிக்கொண்டே போனாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"என் பிள்ளைங்கள வரையச் சொன்னா முப்பதும் ஒரே வாத்து வரையும்," என்றாள். "சுவத்துல இருக்கிறத அப்படியே. உங்க பிள்ளைங்க ஒவ்வொண்ணும் டிரைவருக்குத் தனி ஆள் பிடிச்சிருக்கு. பொறாமையா இருக்குக்கா."

பெரியவளுக்கு அதைக் கேட்டு ஒரு துளி சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை. ஒரு வருடமாகப் பட்டதற்கு ஒரு துளியாவது வேண்டாமா.

"சரி, இப்போ கேட்டல யாருக்குக் குடுக்கறது?" என்றார் மேடம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெரியவளுக்கு ஒரு துளியும் ஆசை இல்லை. ஆனால் அடுத்த வருடம் அவள் மட்டும் வாசித்தால் பன்னிரண்டுதான் வரும், அது அவளுக்குத் தெரியும். இனி சின்னவளுக்கும் தெரியும்.

"அவளுக்கே குடுங்க," என்று மேடத்திடம் சொல்லிவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினாள். "ஆனா முதல் ரெண்டு தடவ படத்த மூடி வச்சுத்தான் ஓட்டணும். பிள்ளைங்க கேட்டு, யோசிச்சு, வரையட்டும். மூணாவது தடவ வாத்தக் காட்டு. இத எழுதி வச்சுக்கிட்டாத்தான் நான் சம்மதிப்பேன்."

அன்று மாமியாரிடமும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மாமியாருக்கோ பக்கத்து வீட்டுக்கு இனி எப்படிச் சொல்வது என்ற கவலை.

புதுப் பள்ளி வருடம் பிறந்தது. பெரியவள் அதே அரைக் கூடத்தில், அதே நாற்காலியில், கையெழுத்துப் பாடம் எடுத்தாள். சின்னவள் அந்தப் பக்கம் ஒரு பிரிவுக்குக் கேட்டல் நடத்தும்போது, இன்னொரு பிரிவு இந்தப் பக்கம் கோட்டு நோட்டில் எழுதும். மேலே ஒரு முழம் அப்படியே இருந்தது, ஒரு மூலையில் மட்டும் தச்சர் அடித்த ஆணியின் தழும்பு. முதல் நாள் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்ததும் பழக்கத்தில் அவள் கை முதலுதவிப் பெட்டிக்குப் போயிற்று. பஞ்சை உருட்டினாள். உருட்டியதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

பேருந்து கிளம்பியது. அந்தக் குரல் படியேறி உள்ளே வந்தது. சீட்டு ஈரம் என்றது. முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும் ஓட்டுநர் ஏன் வணக்கம் சொன்னார் என்று கேட்டது. பெரியவளுக்கு முகம் சுட்டது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அச்சு அசல் அவள்தான். அந்தப் பக்கம் இன்னும் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் படம் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. அது காலையில் அவளோடு பஸ் ஏறி வந்து, அவளோடுதான் வீடு திரும்பியது. அவள் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி கோட்டு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து வேகமாக வரைந்துகொண்டிருந்தாள். டீச்சர் நிழல் விழுந்ததும் கையால் மறைத்தாள். பெரியவள் குனிந்து அந்தக் கையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பேருந்து, குடை, கொண்டை, கண்ணாடி.

"மூக்கு இவ்வளவு நீளம் இல்ல," என்று காதோடு சொல்லிவிட்டு, அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தாள்.